ஒரு ஆணி கனம்

மேற்குச் சுவர் இரண்டாவது மழைக்கே பிதுங்கிவிட்டது. பலகைகள் வயிறு தள்ளி, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சேற்றில் விழுந்தன. அடித்தவர் ஒரு இன்ஜினியர். அணை கட்டினவர்.

நடந்ததைச் சொல்கிறேன். நீளமில்லை.

நடுவட்டத்துக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு பழைய வீடு. ஏதோ ஒரு துரை கட்டினது. அதில் உலகம்மை என்று ஒரு அம்மா இருந்தார். தேயிலை ஆலையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்து, வலது தோள் கெட்டு, வெளியே வந்தவர். எப்படியோ சனங்கள் அவரைத் தேடி வந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அவர் ஒரு சொல் சொல்வார், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் கேட்டால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்.

தெய்வநாயகம் மட்டும் டீ குடித்த பிறகும் திரும்பிப் போகவில்லை. அவர்தான் இன்ஜினியர். பென்ஷன் வாங்கிய பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மலையேறி வந்தவர். அறுபத்தாறு வயது. அம்மாவுக்கு ஐம்பத்திரண்டு. வயதில் மூத்தவர் காலில் விழ வந்தபோது அம்மா காலை இழுத்துக்கொண்டார்.

"விறகு பிளக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"கத்துக்கலாம். இருங்க."

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தினமும் காலையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பார்.

"அம்மா, அறம் பொருள் இன்பம் மூணும் பார்த்தாச்சு. வீட்டுக்கு வழி சொல்லுங்க."

சித்திரை மாசம் ஒருநாள் அம்மா பதில் சொன்னார்.

"வீடு ஒழுகுது. மேற்குச் சுவரைப் பாருங்க."

தெய்வநாயகம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகுதான் அம்மா சுவரைக் கையால் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

அந்த மலையில் ஆனி மழை மேலிருந்து விழாது. மேற்கிலிருந்து, பக்கவாட்டில் வந்து அறையும். அதற்காகவே துரை அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெளிப்பக்கம் பலகை போர்த்தியிருந்தார். கையகலப் பலகைகள். மீன் செதில் மாதிரி, கீழ் வரிசையின் மேல் பாதியை மேல் வரிசை மூடிக்கொண்டு, கூரை வரைக்கும் போகும். எண்பது வருஷம் தாங்கியது. இப்போது விரலால் தொட்டால் உதிர்ந்தது.

அந்தச் சுவருக்கு உள்பக்கம் இருந்த அறையில்தான் வீட்டின் ஒரே கணப்பு. அதனால் பவளக்கொடியை அங்கே படுக்க வைத்திருந்தார்கள். கொழுந்து பறித்தவள். இழுப்பு நோய். வீட்டுக்காரன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. போன மழைக்கே சுவரில் ஈரம் இறங்கி, அவள் நெஞ்சு விசில் ஊதியது. கூடலூர் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வருஷமும் அறை நனைஞ்சா இந்தம்மா தாங்காது. கீழே சமவெளிக்கு அனுப்பிடுங்க."

பவளக்கொடி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழே எனக்கு யாரு இருக்கா? அனுப்பிடாதீங்க."

அம்மா திரும்பி இன்ஜினியரைப் பார்த்தார்.

"மழைக்கு இன்னும் அம்பது நாள் இருக்கு" என்றார் தெய்வநாயகம். "நான் பார்த்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். குறை சொல்ல முடியாது. கட்டம் போட்ட காகிதத்தில் சுவரை வரைந்தார். கூடலூர் மில்லில் வெண்தேக்கு வாங்கிக் கையகலத்துக்கு அறுத்தார். ஒரு மாசம் வெயிலில் காயப்போட்டார். தட்டினால் மணி மாதிரி சத்தம் வந்தது. சாரம் கட்டி ஏறினார். குறுக்கே ரீப்பர் சட்டங்களை அடித்து, கீழ் வரிசையிலிருந்து பலகையை ஆரம்பித்தார்.

அவர் வெளியே அடிக்க, பவளக்கொடி உள்ளே படுத்துக்கொண்டு பேசுவாள். சுவர் ஒன்றுதான் நடுவில்.

"இன்ஜினியர் அண்ணே! அணைக்கு அடிக்கிற மாதிரி அடிக்காதீங்க. என் பல்லு ஆடுது."

"ஆடட்டும். சுவர் ஆடக்கூடாது."

"உங்களுக்கு இந்த வேலை எப்படித் தெரியும்? மேசையில உக்காந்து கையெழுத்துப் போட்டவருதானே?"

"எங்கப்பா ஆசாரி. கடையநல்லூர்ப் பக்கம் எந்த வீட்டு உத்தரத்தைக் கேட்டாலும் கைலாச ஆசாரி பேரைச் சொல்லும்."

"அப்ப கூடப் பொறந்தவங்க யாரும் இந்த வேலை செய்யலையா?"

அடித்துக்கொண்டிருந்த சுத்தி நின்றது.

"தம்பி இருக்கான்."

"ஆசாரியா?"

"ஆமா."

"அட! ஒரு வார்த்தை சொன்னா வந்து நாலு நாள்ல முடிச்சிட மாட்டாரா? தம்பி பேரு என்ன?"

டக், டக், டக் என்று நாலு ஆணி இறங்கியது.

"பேரைக் கேட்டா ஆணியடிக்கிறாரு பாரு" என்றாள் பவளக்கொடி.

பதினோரு வருஷமாக அவர் அந்தப் பேரை வாயில் எடுத்ததில்லை. அவள் விடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் சுவர் வழியாகவே கதையைக் கறந்துவிட்டாள்.

அப்பா செத்தபோது தெய்வநாயகம் அணை வேலையில் இருந்தார். தந்தி கிடைத்ததும் புறப்பட்டார். 'நான் வரும்வரை காத்திருக்கவும்' என்று பதில் தந்தியும் அடித்தார். பஸ் கிடைத்து, மாறி, ஊர் போய்ச் சேர்ந்தபோது சுடுகாட்டில் நெருப்பு பாதி அடங்கியிருந்தது. தம்பி கொள்ளி வைத்துவிட்டான்.

"அப்பனுக்குத் தலைமகன், ஆத்தாளுக்குக் கடைசி மகன். ஊர் உலகத்துல இதுதானே வழக்கம்? நான் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன், அவன் எப்படி வைக்கலாம்?"

உள்ளே பவளக்கொடிக்கு இழுக்க ஆரம்பித்திருந்தது. டீ கொண்டுவந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு சாரத்தின் கீழே நின்றார்.

"விடுங்க" என்றார்.

"விட்டுட்டேம்மா. எப்பவோ விட்டுட்டேன்."

ஓங்கி ஒரு அடி அடித்தார். ஆணி வளைந்துகொண்டது.

நாலாம் நாள். பாதிச் சுவர் ஏறியிருந்தது. தெய்வநாயகத்திடம் ஒரு சோதனை இருந்தது. எழுதாத தபால் கார்டு ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பலகையை அடித்ததும், அதற்கும் பக்கத்துப் பலகைக்கும் நடுவில் கார்டை நுழைத்துப் பார்ப்பார். நுழைந்தால் பலகையைப் பிடுங்கி, இழைத்து, மறுபடி இறுக்கி அடிப்பார். பலகைக்கு நாலு மூலையிலும் நாலு ஆணி.

அம்மா வந்து பார்த்தார்.

"பாருங்கம்மா. கார்டு நுழையாது. காத்து நுழையாது. எறும்பு நுழையணும்னா என்கிட்ட அனுமதி வாங்கணும்."

அம்மா ஒரு இணைப்பின் மேல் நகத்தை வைத்தார். நகமும் நுழையவில்லை.

"விடுங்க" என்றார்.

"இல்லம்மா, களைப்பெல்லாம் இல்ல. இந்த வரிசையை முடிச்சிட்டே இறங்குறேன்."

ஆறாம் நாளும் வந்தார். மேலே அண்ணாந்து பார்த்தார்.

"விடுங்க, இன்ஜினியரே."

"நீங்க கவலைப்படாதீங்க. நானும்தான் கவலைப்படல."

அம்மா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். உள்ளே போய்விட்டார்.

முதல் மழை அரை மணி நேரம் பெய்தது. உள்சுவரில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பவளக்கொடி சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, நீங்க நெஜமாவே இன்ஜினியர்தான்."

இரண்டாவது மழை திங்கட்கிழமை பிடித்தது. செவ்வாயும் விடவில்லை. புதன்கிழமை மதியம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது சுவருக்குள் ஏதோ வெடித்தது. வெடி மாதிரியேதான். தெய்வநாயகம் தட்டை வைத்துவிட்டு வெளியே ஓடினார்.

பலகைகள் ஒன்றையொன்று நெட்டித் தள்ளிக்கொண்டிருந்தன. போக இடமில்லாமல் நடுவில் புடைத்து நின்றன. ஒவ்வொரு ஆணியாகத் தெறித்தது. ஒரு வரிசை போனதும் மேல் வரிசைக்குப் பிடிமானம் இல்லை. அதுவும் வந்தது. அவர் மழையில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் பலகைகளை அழுத்திப் பிடித்தார். எத்தனையைப் பிடிப்பது? கைக்கு மேலிருந்து ஒன்று விழுந்து நெற்றியைக் கிழித்தது.

உள்ளே சுவரில் தண்ணீர் வழிந்தது. கணப்பு சீறி அணைந்தது. பவளக்கொடியின் நெஞ்சு விசில் முற்றம் வரைக்கும் கேட்டது. அம்மா இடது கையால் கட்டிலை அறைக்கு நடுவில் இழுத்துப் போட்டார். பிறகு தார்ப்பாயோடு வெளியே வந்தார். இருவரும் சேர்ந்து சுவரின் மேல் அதைக் கட்டினார்கள். காற்று அதை அடித்தது. ஒப்புக்குத்தான்.

டாக்டருக்கு ஆள் போனது. அவர் ஊசி போட்டார்.

"பத்து நாள். அதுக்குள்ள அறை காயலைன்னா நானே ஜீப் கொண்டுவந்து ஏத்திட்டுப் போவேன்."

டாக்டர் போன பிறகு தெய்வநாயகம் அடுப்படியில் உட்கார்ந்தார். நெற்றியில் மஞ்சள் அப்பியிருந்தது.

"அம்மா. எங்க தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்."

"எப்படி?"

"பதினெட்டு வருஷம் ஆலையில என்ன பண்ணினேன்னு நினைச்சீங்க? தேயிலைப் பெட்டி அடிச்சேன். காஞ்ச பலகை மழையைக் குடிக்கும். குடிச்சா பெருக்கும். பெருக்க இடம் வேணும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா!"

"சொன்னேன்."

"எப்போ?"

"நாலாம் நாள் சொன்னேன். ஆறாம் நாள் சொன்னேன். விடுங்கன்னு."

"விடுங்கன்னா..." அவருக்குக் கோபம் கூட வந்தது. "வேலையை விடுங்கன்னு நினைச்சேன். கவலையை விடுங்கன்னு நினைச்சேன். இடம் விடுங்கன்னு சொல்றதுதானே?"

"ஆமா. அரைச் சொல்லை முழுங்கிட்டேன். அது என் தப்பு. இப்ப உள்ளே அவ மூச்சுக்குத் தவிக்கிறா."

அம்மா தன் தப்பை அப்படிச் சட்டென்று சொல்லுவார் என்று அவர் நினைக்கவில்லை. சண்டை போட எடுத்த மூச்சை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தார். பிறகு கேட்டார்.

"மூணு தடவை சொன்னீங்கம்மா. முதல் தடவை சொன்னது சுவரைப் பத்தி இல்லையே. அன்னைக்கு நான் தம்பி கதையைச் சொன்னேன். அது எந்த விடுங்க?"

அம்மா எழுந்து வந்தார். அவருடைய நனைந்த சட்டைப் பையில் விரலை விட்டு அந்தத் தபால் கார்டை எடுத்தார். விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. அதை அடுப்பு மேடையில் வைத்துக் காய வைத்தார். காய்ந்ததும் பென்சிலோடு அவர் முன்னால் வைத்தார்.

அவர் தொடவில்லை.

"தந்தி அடிச்சா சீக்கிரம் போகும்" என்றார்.

"உங்க வீட்டுக்குத் தந்தின்னா சாவு. மனுசன் பயந்துடப் போறார்."

தெய்வநாயகம் பென்சிலை எடுத்தார். இரண்டு வரிதான் எழுதினார். 'சுவர் ஒழுகுகிறது. நான் அடித்தது நிற்கவில்லை. வரவும்.' கீழே மலை வீட்டின் விலாசம். திருப்பிப் போட்டு, பெறுநர் இடத்தில் எழுதினார்: கைலாச ஆசாரி மகனுக்கு.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"பேர்?"

"போய்ச் சேரும். தபால்காரனுக்குத் தெரியும்."

ஏழாம் நாள் மதிய பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். தோளில் சாக்குப் பை. தலையில் துண்டு. மலைக்குளிருக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. நேரே வீட்டைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்.

"யாரு அடிச்சது?"

பின்னால் நின்ற தெய்வநாயகம் சொன்னார்.

"நான்."

வந்தவர் திரும்பவில்லை. சுவரோடுதான் பேசினார்.

"நல்லா இறுக்கித்தான் அடிச்சிருக்கு."

"ம்."

"பலகைக்கு நாலு ஆணி."

"ம்."

"கார்டு வந்துது. எம் பேரையே காணோம். தபால்காரன் வாசல்ல நின்னு கேக்கான், 'செத்தவர் பேர்ல வந்திருக்கு, வாங்கிக்கிடுதீயளா'ன்னு. வாங்கிக்கிட்டேன். நீ அனுப்புனதாச்சே."

ஜன்னல் வழியாகப் பவளக்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கப் பார்த்தாள். இருமல்தான் வந்தது. வந்தவர் ஜன்னலைப் பார்த்தார், உள்ளே ஈரச் சுவரைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பையை இறக்கி வைத்தார்.

"மழை விட்டிருக்கு. எத்தனை நாளு தாங்கும்?"

"தெரியாது" என்றார் அம்மா. "டாக்டர் மூணு நாள்ல வருவார்."

"டீ இருந்தாக் குடுங்கம்மா. சோலியைப் பாப்போம்."

பையிலிருந்து சுத்தியை எடுத்தார். புளியங்கட்டைப் பிடி. பிடியில் ஒரு பெருவிரல் குழி. அப்பாவின் பெருவிரல். தெய்வநாயகம் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் மிச்சமிருந்த பலகை முழுவதையும் பிடுங்கினார்கள். உடையாததைப் பொறுக்கினார்கள். தம்பி கீழ் வரிசையில் ஒரு பலகையை வைத்து இரண்டு ஆணி அடித்தார். பலகையின் ஓரத்தில் ஒரு ஆணியை நிறுத்தி வைத்தார். அதை ஒட்டி அடுத்த பலகையை வைத்து அடித்தார். நடுவில் நின்ற ஆணியை உருவினார். இரண்டு பலகைக்கும் இடையில் ஒரு ஆணி கனம் இடைவெளி.

"இது வழியாத் தண்ணி போகாதா?" என்றார் தெய்வநாயகம்.

"போகும்."

"பின்னே?"

தம்பி அடுத்த வரிசையின் பலகையை எடுத்து, அந்த இடைவெளிக்கு நேர் மேலே வைத்துக் காட்டினார். இடைவெளி மறைந்தது.

"ஒண்ணு விட்ட இடத்தை மேல உள்ளது மூடிக்கிடும். மூத்தது மூடணும். அதுக்குத்தானே மேல இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆணி கேட்பதும் கொடுப்பதும்தான். சாரத்தில் இரண்டு கிழவர்கள். ஒருவர் கை நீட்டினால் மற்றவர் ஆணி வைப்பார்.

உள்ளேயிருந்து பவளக்கொடி குரல் கொடுத்தாள்.

"சின்ன ஆசாரி! உங்க அடி காதுக்கு இதமா இருக்கு. உங்க அண்ணன் அடிச்சா செத்தவன் எந்திரிப்பான்."

"செத்தவர் எந்திரிக்கலையே தாயி" என்றார் தம்பி. "எரிஞ்சுக்கிட்டிருந்தாரு. அடி எனக்குத்தான் விழுந்துது."

ஆணி கொடுக்க நீண்ட கை நடுவிலேயே நின்றது.

தெய்வநாயகம் இந்த ஒன்றை மட்டும் பவளக்கொடியிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சுடுகாட்டில், ஊர் முன்னால், ஐம்பது வயது தம்பியை அறைந்திருந்தார்.

"ஏன் வச்சே?" என்றார். பதினோரு வருஷத்துக் கேள்வி. குரல் சின்னதாக வந்தது.

தம்பி பலகையைச் சரி பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாலு மணி பஸ்ஸு வந்துது. நீ இல்ல. அஞ்சு மணி பஸ்ஸு வந்துது. நீ இல்ல. மலையில கறுத்துக்கிட்டு வந்துது. ஐப்பசி மழை. விறகு நனைஞ்சா அப்பா அரைகுறையாக் கெடப்பாரு. என்ன செய்யச் சொல்லுத?"

தெய்வநாயகம் நீட்டிய ஆணியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"மூத்தவன் தெய்வநாயகத்துக்காக வைக்கேன்னு சத்தமாச் சொல்லித்தான் வச்சேன். நின்ன அத்தனை பேரும் கேட்டாங்க. எம் பேருக்கு நான் வைக்கல."

"இதை... எனக்கு ஒரு வார்த்தை..."

"சொல்ல எடம் விட்டியா?"

தம்பி ஓரத்தில் ஒரு ஆணியை நிறுத்தினார். அடுத்த பலகைக்குக் கையை நீட்டினார். கொஞ்ச நேரம் பலகை வரவில்லை. அவர் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். பிறகு வந்தது.

இரண்டரை நாளில் கூரையைத் தொட்டுவிட்டார்கள். வானம் அதுவரை பொறுத்தது. கடைசிப் பலகையை வைத்துவிட்டுத் தம்பி சுத்தியை நீட்டினார்.

"நீ அடி."

"நீயே அடிச்சிரு. நான் அடிச்சதுதான் நிக்கலையே."

"மூத்தவன் இருக்கப்ப நான் அடிக்கப்படாது. ஒருக்க முந்திக்கிட்டு வாங்கினது போதும்."

பவளக்கொடி உள்ளே சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பே வந்தது. தெய்வநாயகம் சுத்தியை வாங்கினார். பெருவிரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. ஒரு ஆணி. இரண்டாவது ஆணி. ஓங்கினார்.

"போதும். போதும்ணே. ஆணித்தலை பலகையைத் தொட்டாப் போதும். உள்ள போகப்படாது."

ஓங்கின கையை அவர் இறக்கிக்கொண்டார். அண்ணே என்ற சொல் வந்ததை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்தார்கள்.

அன்று மாலை டாக்டர் வந்தார். கூடவே மழையும் வந்தது. அவர் கீழே போக முடியாமல் இரவு அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. தம்பியும் புறப்படவில்லை.

"மழையைப் பாத்துட்டுத்தான் போவேன்."

மூன்று நாள் பார்த்தார். மேற்கிலிருந்து மலையே எழுந்து வந்து அறைந்தது. முதல் நாள் பலகைகள் குடித்தன. சத்தமே இல்லை. இரண்டாம் நாளும் குடித்தன. மூன்றாம் நாள் மதியம் மழை கொஞ்சம் ஓய்ந்தபோது தெய்வநாயகம் வெளியே போனார். பலகைகள் பெருத்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. கார்டு நுழைகிறதா என்று பார்க்கக் கை சட்டைப் பைக்குப் போனது. பை காலி. கடையநல்லூருக்குப் போய்விட்ட கார்டு.

உள்ளே சுவர் வறண்டிருந்தது. கணப்பு எரிந்தது. பவளக்கொடி வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் நாள் இரவே டாக்டர் அவள் முதுகில் குழாயை வைத்துக் கேட்டிருந்தார். மறுநாள் காலையில் கேட்டார். இறங்கிப் போகும்போது ஜீப்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நாலாம் நாள் காலை, தம்பி சாக்குப் பையைத் தோளில் மாட்டினார். அம்மா அவருக்கு ஒரு பழைய கம்பளியைப் போர்த்திவிட்டார்.

"வாறேம்மா."

அண்ணனிடம் என்ன சொல்வது என்று நின்றார். அண்ணனும் நின்றார்.

"பஸ்ஸு வந்துரும்" என்றார் அண்ணன்.

"ஆமா. வந்துரும்."

அவ்வளவுதான். தம்பி படியிறங்கித் தேயிலைக்கு நடுவில் நடந்தார். மூடுபனி இடுப்பு வரைக்கும் இருந்தது.

தெய்வநாயகம் உள்ளே வந்தார். மூலையில் அவருடைய நோட்டுப் புத்தகம் கிடந்தது. எடுக்கவில்லை. பவளக்கொடி ஜன்னலைக் காட்டினாள்.

"அண்ணே, அது என்ன?"

ஜன்னல் கட்டையில் சுத்தி இருந்தது. புளியங்கட்டைப் பிடி இவர் பக்கம் திரும்பியிருந்தது.

"மறந்துட்டுப் போயிட்டானா?"

"யாருக்குத் தெரியும்" என்றாள் பவளக்கொடி. "மறந்துட்டாரோ, விட்டுட்டுப் போனாரோ."

சுத்தியைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு ஓடினார். அறுபத்தாறு வயசு ஓட்டம். கீழே பஸ் வளைவு ஏறும் சத்தம் கேட்டது. பாதையில் ஆலைக்குப் போகிற ஆட்கள் நாலைந்து பேர். எல்லார் மேலும் கம்பளி. எல்லார் தலையிலும் துண்டு. பனியில் எது யார் என்று தெரியவில்லை.

"தம்பி!" என்று கத்தினார். "ஏ தம்பி!"

மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பேரும் ஆலை ஆட்கள். ஒருவன் கேட்கவும் கேட்டான்.

"என்னங்க ஐயா?"

சாக்குப் பை போட்ட முதுகு திரும்பவில்லை. பஸ்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி! நில்லு!"

அம்மா பின்னால் வந்து நின்றார்.

"இந்த மலையில எல்லாரும் தம்பிதான், இன்ஜினியரே. அவருக்குன்னு ஒரு பேர் இல்லையா?"

தெய்வநாயகம் வாயைத் திறந்தார். கையில் இருந்த சுத்தியைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார்.

"வெயிலுகந்தான்!"